செய்யக்கூடாததைச் சொல்லாத சட்டம்

காவாந்தண்டலம் கிராமத்து விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு நோட்டரி எப்போதெல்லாம் தேவைப்படுகிறார்? இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும் பம்புசெட் மின் இணைப்பை மகன் பெயருக்கு மாற்ற வேண்டும். மகளின் பள்ளிச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. ஆதாரில் ஒரு பெயரும் பட்டாவில் வேறு பெயருமாக இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை, நிலத்தை விற்க ஊரில் இருக்கும் தம்பிக்கு பவர் கொடுக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட வேண்டும். கணவன் மனைவிக்கு ஒத்துவரவில்லை, பெரியவர்கள் பேசி முடித்ததை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் ஊரில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "உத்திரமேரூர் போய் ஒரு நோட்டரி போட்டுட்டு வந்துடுங்க."

முதல் மூன்றுக்கும் அந்தக் கையெழுத்து பயன்படும். நான்காவதில் உத்திரமேரூர் நோட்டரிக்கு வேலையே இல்லை. ஐந்தாவதுக்கு அது போதாது. ஆறாவது செல்லாது. ஆனால் ஆறு காகிதத்திலும் விழுவது ஒரே வட்ட முத்திரை. எது செல்லும், எது செல்லாது, எதை நோட்டரி தொடவே கூடாது என்பதை அந்த மேசைக்கு முன்னால் நிற்பவருக்கு யாரும் சொல்வதில்லை. சட்டமும் சொல்வதில்லை. நம் நோட்டரிச் சட்டத்தின் பெரிய குறை அதுதான் என்பது என் கருத்து.

இன்று நடப்பில் இருப்பது 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம். அது நடைமுறைக்கு வந்தது 1956 பிப்ரவரி 14 அன்று. விதிகளும் அதே ஆண்டில் வந்தன. அதற்கு முன்பு இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயரின் அதிகாரத்தின் கீழ் இயங்கிய அமைப்பு ஒன்றிடம் நியமனம் பெற்றவர்கள்தாம் இங்கே நோட்டரிகளாக இருந்தார்கள். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அரசே நோட்டரிகளை நியமிக்க வழி செய்தது. ஆனால் அது புரோநோட்டு, உண்டியல் போன்ற ஆவணங்களின் வேலைக்கு மட்டுமே. அந்த அதிகாரம் இருந்தது அச்சட்டத்தின் 138ஆம் பிரிவில். நோட்டரிகளுக்குத் தனிச் சட்டம் வந்ததும் அந்தப் பிரிவு நீங்கியது. காலியான அதே எண்ணில் 1988இல் செய்த திருத்தம் செக் திரும்பும் குற்றத்தைக் கொண்டுவந்து வைத்தது.

ஆக, வணிகர்களின் தேவைக்காக ஏற்பட்ட பதவி இது. நோட்டரிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் படித்தால் அந்த வாசனை இன்னும் போகவில்லை என்பது தெரியும். பில்லைக் காட்டிப் பணம் கேட்பது, மறுத்தால் மறுப்பைப் பதிவு செய்வது, கப்பல் சரக்குச் சேதத்துக்கு ஆட்சேபம் எழுதுவது என்று அடுக்கிக்கொண்டு போகிறது. இவற்றில் எதுவும் காவாந்தண்டலத்துக்கு வேண்டாம். கிராமத்துக்கு வேண்டியவை அதே பிரிவில் இருக்கும் இரண்டுதான்: ஆவணத்தில் கையெழுத்திட்டதைச் சான்றுறுதி செய்வது, பிரமாணம் செய்வித்து அபிடவிட் வாங்குவது. 1976இல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 139ஆம் பிரிவு திருத்தப்பட்டு, நீதிமன்றத்துக்கான அபிடவிட்டையும் நோட்டரி முன்பு கொடுக்கலாம் என்றானது. அலுவலகங்கள் ஒவ்வொன்றும் எதற்கெடுத்தாலும் "ஒரு அபிடவிட் கொண்டு வா" என்று கேட்கப் பழகியபின், நோட்டரி நம் அன்றாட வாழ்க்கைக்குள் வந்துவிட்டார்.

நியமிக்கும் அதிகாரம் இருவருக்கு உண்டு. மத்திய அரசு இந்தியா முழுமைக்கோ ஒரு பகுதிக்கோ நியமிக்கலாம். மாநில அரசு தன் மாநிலத்துக்குள் நியமிக்கலாம். விதிகளை இயற்றும் அதிகாரம் மட்டும் 15ஆம் பிரிவின்படி மத்திய அரசிடமே இருக்கிறது. ஒரே நீதிமன்ற வாசலில் அருகருகே மேசை போட்டிருக்கும் இருவரில் ஒருவர் மத்திய அரசின் நோட்டரியாகவும் மற்றவர் தமிழ்நாடு அரசின் நோட்டரியாகவும் இருக்கலாம். வந்து நிற்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் புகார் என்று வரும்போது இதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் யார் நியமித்தார்களோ அவர்களிடம்தான் புகார் போக வேண்டும். நல்லவேளையாக, நியமித்த அரசின் பெயர் முத்திரையிலேயே இருக்க வேண்டும் என்கிறது விதி. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரண வட்ட முத்திரை. அதில் நோட்டரியின் பெயர், அவர் பணிபுரியும் எல்லை, பதிவு எண், நியமித்த அரசின் பெயர் நான்கும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

நோட்டரி செய்ய வேண்டியவை பற்றி விதிகள் ஓரளவு தெளிவாகவே இருக்கின்றன. பத்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஏழாண்டு போதும். சான்றிதழின் காலம் முன்பு மூன்றாண்டு, 1999 திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாண்டு. கட்டண விவரத்தை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். வாங்கிய பணத்துக்கு ரசீது தர வேண்டும். செய்யும் ஒவ்வொரு வேலையையும் பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்துப் போட்டவரின் கையெழுத்தை அங்கும் வாங்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கட்டணப் பலகையையும் ரசீதையும் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

செய்யக்கூடாதவை எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடினால்தான் சட்டம் மௌனமாகிறது. 10ஆம் பிரிவு, எந்தெந்தக் காரணத்துக்காக நோட்டரியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்று சொல்கிறது. திவாலானால் நீக்கலாம், ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றால் நீக்கலாம், அந்தப் பணிக்குத் தகுதியில்லாதவராக்கும் 'தொழில்முறை ஒழுங்கீனமோ பிற ஒழுங்கீனமோ' விசாரணையில் மெய்ப்பட்டால் நீக்கலாம். ஒழுங்கீனம் என்றால் எது? ஆள் நேரில் வராமல் கையெழுத்தை உறுதி செய்வதா? வெற்றுத்தாளில் முத்திரை வைத்துக் கொடுப்பதா? தன் மைத்துனருக்குச் சாதகமான பத்திரத்தைத் தானே சான்றுறுதி செய்வதா? இங்கிலீஷில் எழுதியதை, தமிழ் மட்டுமே தெரிந்தவருக்குப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதா? இவை எல்லாமே தவறு என்பதை எந்த நேர்மையான நோட்டரியும் ஒப்புக்கொள்வார். ஆனால் இவை தவறு என்று வரிசையாகச் சொல்லும் தனிப் பகுதி சட்டத்திலும் இல்லை, விதிகளிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் விசாரணை அதிகாரியோ நீதிமன்றமோதான் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு அண்மைச் சான்று, 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறை நோட்டரிகளுக்கு விடுத்த எச்சரிக்கை. திருமணப் பத்திரம், மணவிலக்குப் பத்திரம் ஆகியவற்றை நோட்டரிகள் எழுதித் தரக் கூடாது, அவர்கள் திருமண அலுவலர்கள் அல்லர், மீறினால் அது ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்று அந்தக் குறிப்பாணை சொன்னது. ஒரிசா, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்கள் இதே கருத்தை முன்னரே சொல்லியிருந்தன. சட்டம் வந்து எழுபதாண்டு கடந்தபின்னும் இதைக் குறிப்பாணையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், சட்டத்தில் அந்த ஒரு வரி இல்லாததே காரணம்.

தமிழ்நாட்டில் இதன் பாரம் பெண்கள் மேல்தான் விழுகிறது. சுயமரியாதைத் திருமணத்தை இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவாக அண்ணா அரசு 1967இல் சேர்த்தது; உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் போதும். அதன்பின் 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. இவ்வளவு எளிய வழி இருக்க, முத்திரைத்தாளில் 'இன்று முதல் கணவன் மனைவியாக வாழ்வோம்' என்று எழுதி நோட்டரி முத்திரை பெற்ற பெண், பின்னால் ஜீவனாம்சம் கேட்கப் போகும்போது அந்தத் தாளை மட்டும் வைத்துத் திருமணத்தை நிரூபிக்க முடியாமல் நிற்கிறாள். மணவிலக்கு இன்னும் மோசம். சம்மதத்தோடு பிரிவதானாலும் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்படி நீதிமன்றம்தான் பிரித்து வைக்க வேண்டும். சாதி வழக்கப்படியான மணவிலக்கைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருவதை நிரூபிக்க வேண்டும், நோட்டரி முத்திரை அந்த நிரூபணம் ஆகாது. நோட்டரித் தாளை நம்பி மறுமணம் செய்தவளின் இரண்டாவது திருமணம் செல்லாமல் போய், அவள் உரிமை இழக்கிறாள். குழந்தையைத் தத்துக் கொடுத்ததாக எழுதும் நோட்டரித் தாளும் இப்படித்தான். அது ஆபத்தானதும்கூட.

நிலத்தில் நடக்கும் கதை வேறு. இங்கே மாநிலச் சட்டமன்றம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. பவர், விற்பனை ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்து எழுதி வாங்கினால் சொத்து கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அதை அடுத்து, தமிழ்நாடு 2012இல் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவைத் திருத்தியது. அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரமும், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சொத்தின் விற்பனை ஒப்பந்தமும் அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் கட்டாயம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அதாவது, நிலம் தொடர்பான பவருக்கு உள்ளூர் நோட்டரியின் கையெழுத்து மட்டும் போதும் என்ற காலம் இங்கே முடிந்துவிட்டது.

ஆனாலும் நோட்டரி அக்ரிமென்ட்டுகள் நிற்கவில்லை. பதிவாகாத விற்பனை ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சான்றாகக் காட்டலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, 'நோட்டரி போட்டாலே போதும்' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று. நோட்டரி அக்ரிமென்ட் வில்லங்கச் சான்றில் வராது. ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்தவருக்குத் தெரியாமல் அதே நிலத்தை இன்னொருவருக்கு விற்றுப் பதிவும் செய்துவிட்டால், விஷயம் தெரியாமல் நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கிய அந்த இரண்டாமவரைச் சட்டம் காப்பாற்றும். முதலாமவர் கையில் மிஞ்சுவது முத்திரை விழுந்த தாளும், பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கும். போக்கியம், ஒத்தி எழுதுவதிலும் இதே நிலைதான். பத்திரத்தைப் பேங்கில் வைத்துக் கடன் வாங்கும் முறையைத் தவிர, நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானங்கள் பதிவாகாமல் செல்லாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பவரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அதிகம் நடக்க வாய்ப்பிருக்கும் இடம் இது. பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, அவர் இருக்கும் நாட்டிலேயே அங்குள்ள நோட்டரி, நீதிபதி அல்லது இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பிள்ளை அங்கே கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்ப, இங்கே 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று முத்திரை வைப்பது பொய்ச் சான்று. செலவு மிச்சம் என்று நினைக்கும் குடும்பத்துக்கு, பங்காளிச் சண்டை வரும் நாளில் பிள்ளையின் பாஸ்போர்ட்டே எதிர்ச்சாட்சியாகும்.

இலங்கைத் தமிழருக்கு இந்தக் குழப்பம் குறைவு. அங்கே 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்பும் இரண்டு சாட்சிகள் முன்பும் எழுதினால்தான் காணி கைமாறும். அதனால் நொத்தாரிசுக்கு அங்கே இருக்கும் பொறுப்பு நம் நோட்டரியைவிடப் பல மடங்கு கனமானது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அந்தப் பொறுப்பை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறது. உறுதி (பத்திரம்) முடிப்பவரை நொத்தாரிசுக்கோ சாட்சிகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி விளக்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒருவர் முன்னிலையில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். மாதந்தோறும் உறுதிகளின் பிரதியைக் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். மோசடி அங்கேயும் நடக்கிறது. ஆனால் நொத்தாரிசு எந்த விதியை மீறினார் என்று பிரிவைச் சுட்டிக் கேட்க முடிகிறது.

அமெரிக்காவில் நோட்டரிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நோட்டரி வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை என்பதால் தடைகளை விரித்து எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு அதிகம். புளோரிடாவின் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட செயல்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆள் முன்னால் இல்லாமல் கையெழுத்தை உறுதி செய்யக் கூடாது, செய்தால் 5,000 டாலர் வரை அபராதம். நிரப்பாத ஆவணத்தில் முத்திரை வைக்கக் கூடாது. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் கையெழுத்தை உறுதி செய்யக் கூடாது. ஆங்கிலம் புரியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் ஆவணத்தின் பொருளைச் சொல்லாமல் ஒப்புதல் வாங்கக் கூடாது. அதே புளோரிடாவில் நோட்டரி திருமணம் செய்து வைக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே போய் வந்தவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிடக் கூடாது. எது கூடும், எது கூடாது என்பது ஊருக்கு ஊர் வேறுபடலாம். அந்த ஊர்ச் சட்டத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. காவாந்தண்டலத்துக்காரர் நோட்டரி தேடிப் போகும் அதே உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைக்காக அவற்றைப் புகழ்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, யார் வாரியத்தில் இருக்கக் கூடாது என்று அவை பெயர் சொல்லி அடுக்கும் முறை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவனுடைய இன்னின்ன உறவினரும் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவன் கூடாது. கணக்கு எழுதுபவனுக்கும் தனி விதி: தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறி என்னும் ஊர்ச் சபை முன் ஒப்படைத்து, அவன் தூயவன் என்று முடிவான பிறகே வேறு கணக்குக்குள் நுழையலாம். அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை என்பதையும், பெரும்பாலான மக்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் மறந்துவிட்டு அதைக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் 'ஒழுங்கீனம்' என்று ஒற்றைச் சொல்லோடு அவர்கள் நிறுத்தவில்லை. எது ஒழுங்கீனம் என்று பொதுச் சுவரில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வெட்டி வைத்தார்கள்.

இன்றைய நிலைக்குத் திரும்பினால், ஏமாந்தவருக்கு வழி என்ன? நியமித்த அரசிடம் உரிய படிவத்தில் புகார் தரலாம். 13ஆம் விதிப்படி விசாரணை நடந்து, குற்றம் மெய்ப்பட்டால் சான்றிதழை ரத்து செய்து நிரந்தரமாக விலக்கலாம், இடைநிறுத்தலாம், எச்சரிக்கலாம். நோட்டரிகள் வழக்கறிஞர்களாகவும் இருப்பதால் பார் கவுன்சிலிலும் முறையிடலாம். ஆனால் குற்றவியல் நீதிமன்றத்தின் வாசலில் ஒரு பூட்டு இருக்கிறது. சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, நோட்டரி தன் பணியின் பேரில் செய்த குற்றத்தை, அரசு அதிகாரம் அளித்த அலுவலர் எழுத்தில் புகார் தந்தால் மட்டுமே நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கலாம். ஆயிரக்கணக்கான கையெழுத்துகளை உறுதி செய்பவரைப் பொய் வழக்குகளிலிருந்து காக்க இப்படி ஒரு காப்பு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தடைகள் எழுதப்படாத சட்டத்தில் இந்தக் காப்பும் சேரும்போது பலம் முழுவதும் ஒரு பக்கம் சாய்கிறது. நோட்டரி என்று பொய் சொல்பவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது 12ஆம் பிரிவு; உண்மையான நோட்டரி பொய்ச் சான்று கொடுத்தால் இன்ன தண்டனை என்று அதே சட்டத்தில் தனி வரி கிடையாது.

மத்திய அரசு 2021 டிசம்பரில் ஒரு திருத்த வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது. ஒரு நோட்டரியின் மொத்தப் பணிக்காலத்தைப் பதினைந்தாண்டாகக் குறுக்குவது, ஒழுங்கீனப் புகாரில் சான்றிதழை இடைநிறுத்துவது, பதிவேடுகளைக் கணினிமயமாக்குவது ஆகியவை அதில் இருந்தன. காலவரம்பு பற்றியே பேச்சு அதிகமாக எழுந்தது. இளம் வழக்கறிஞர்களுக்கு வாய்ப்புத் தரும் என்பதைத் தவிர அதனால் கிராமத்து மனிதருக்கு என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை. பதினான்காம் ஆண்டில் இருப்பவரும் ஆள் இல்லாமல் முத்திரை வைக்கலாம், முதலாம் ஆண்டில் இருப்பவரும் வைக்கலாம். பதிவேடு கணினிக்கு வருவதுதான் உண்மையான மாற்றமாக இருக்கும்: இன்ன நாளில், இன்ன எண்ணில், இன்னார் கையெழுத்திட்டார் என்று யாரும் சரிபார்க்க முடிந்தால் முன்தேதியிட்ட ஆவணங்கள் பெரும்பாலும் நின்றுபோகும். 2024 செப்டம்பரில் தொடங்கிய நோட்டரி இணையதளம் மத்திய அரசு நோட்டரிகளின் விண்ணப்பம், புதுப்பித்தல் போன்ற வேலைகளுக்கானது. மாநில நோட்டரிகளுக்கும் அப்படியொன்று வர வேண்டும், அதில் பதிவேடும் இருக்க வேண்டும்.

பதிவுச் சட்டமும் மத்தியச் சட்டம்தான். அதை 2012இல் தமிழ்நாடு தன் தேவைக்கேற்ப இறுக்கியது. நோட்டரிகள் சட்டத்திலும் நம் சட்டமன்றம் அதே வழியில், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு, ஒரு பிரிவைச் சேர்க்கலாம். ஆள் நேரில் இல்லாமல், நிரப்பாத தாளில், தனக்கோ தன் குடும்பத்துக்கோ பங்குள்ள ஆவணத்தில், புரியும் மொழியில் படித்துக் காட்டாமல் சான்றுறுதி செய்யக் கூடாது. திருமணம், மணவிலக்கு, தத்து ஆகியவற்றை எழுதித் தரக் கூடாது. இந்த ஐந்து தடைகளும் கட்டணப் பலகைக்குக் கீழே தமிழில் எழுதப்பட வேண்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம், புதிய அலுவலகம் வேண்டாம். சட்டத் துறை இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அது வரும்வரை நம் கையில் இருப்பவற்றை நாம் விடக் கூடாது. நோட்டரியின் கண் முன்னால் மட்டுமே கையெழுத்திடுங்கள், முன்கூட்டியே போட்டு எடுத்துப் போகாதீர்கள். தாளில் எழுதியிருப்பதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டு அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது கேளுங்கள். நிலம் சம்பந்தப்பட்ட எந்தத் தாளானாலும், நோட்டரியிடம் போவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.